பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கணக்குப் பாடம்

சுனாமி எங்கள் ஊரைத் துடைத்துவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்த மாரி காலம் அது. கல்முனைப் பக்கம் கடலோரமாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் முஸ்லிம் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அங்கே பெண்கள் பாடசாலையில் நான் கணித ஆசிரியை. பாடசாலை என்று சொல்கிறேனே தவிர, பழைய கட்டடம் கடலோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக மெயின் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டில்கள் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வெயில் காலத்தில் அதற்குள் அடுப்பில்லாமலே பாண் சுடலாம். மழை காலத்தில் நான் சொல்வது எனக்கே கேட்காது. அந்த மழையோடுதான் காய்ச்சலும் வந்து சேர்ந்தது.

சிக்குன்குனியா என்று பெயர் சொன்னார்கள். கோழி இறைச்சி சாப்பிட்டால்தான் வருகிறது என்று ஊரில் பாதிப் பேர் கோழியைக் கைவிட்டார்கள். கடித்துக்கொண்டிருந்த நுளம்பை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டுவிடும். அதன் பிறகுதான் ஆட்டம் தொடங்கும். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் என்று மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொள்ளும். தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தவர்கள் நிமிர மறந்ததைப் போல ஊரே குனிந்து நடந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டன, ஏனென்றால் தரையில் உட்கார்ந்து தொழுதவர்களை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

பாடசாலைகளை மறு அறிவித்தல் வரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நியாயம்தான். ஆசிரியர்களில் பாதிப் பேர் பாயில் கிடந்தார்கள். கொட்டில்களைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பகலிலேயே பாடிக்கொண்டு திரிந்தது. மூடியதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை மட்டும் குறித்த நாளில் நடக்குமாம். அதைக் கேட்டதும்தான் தலைக்கு ஏறிவிட்டது. வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டீச்சர், பிள்ளையள் வீட்டில இருந்து படிக்கட்டும்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"எந்த வீட்டில, சேர்?" என்று கேட்டேன்.

அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றறிக்கை வரும் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கேலிக்குக் கேட்கவில்லை. கடலோரக் குடும்பங்கள் பாதிக்கு மேல் இன்னும் பலகைக் கொட்டில்களில்தான் இருந்தன. ஒரே அறைக்குள் உம்மா ஒரு பாயில், வாப்பா ஒரு பாயில், நடுவில் குழந்தை. அதற்குள் எந்த மூலையில் இருந்து முக்கோணவியல் படிப்பது?

அந்த வருடப் பிள்ளைகள் எல்லாரும் எனக்குக் கவலைதான். ஆனால் ஒரு பிள்ளைதான் என் நித்திரையைக் கெடுத்தாள். கணக்கில் மட்டும் தவறி, இரண்டாம் முறை எழுத இருந்தவள். தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது. தகப்பன் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். அந்த வீட்டைக் கட்டி முடிக்கவே தகப்பன்மாருக்கு ஆயுள் போய்விடும். இந்த மனிதருக்கோ வெளிநாட்டு உதவியில் ஒரு கல்வீடு கிடைத்துவிட்டது. வீடு கிடைத்ததும் மாப்பிள்ளை தானாக வந்துவிட்டார்.

நான் போய்க் கதைத்தபோது அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "டீச்சர், இந்த முறை கணக்குப் பாஸ் பண்ணினா அவ உயர்தரம் படிக்கட்டும். நான் தடுக்கமாட்டன். இல்லாட்டி நோன்புப் பெருநாளுக்கு முன்ன நிக்காஹ். தாயில்லாத புள்ளய எத்தின நாளைக்கு நான் வெச்சிப் பாக்கிற?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே அவளையும் காய்ச்சல் பிடித்தது. விரல்கள் வீங்கி, பேனையைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. என் வீட்டு முன் ஹோலில் பாய் விரித்து வகுப்பு வைத்தேன். முதல் நாள் சில பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் தாய்மார் வந்தார்கள், பிள்ளைகள் கூடினால் காய்ச்சல் பரவும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதற்கு. சுகாதாரப் பரிசோதகரும் வந்து, ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்று அறிவுரை சொன்னார். என் வீட்டு வளவுக்குப் பின்னால் வடிகானில் நுளம்புகள் கூட்டம் போடுகின்றனவே, அவற்றுக்கும் சொல்லுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு வினாத்தாள் அடித்து வீடுவீடாக அனுப்பலாம் என்று பார்த்தால், போட்டோகொப்பிக் கடைக்காரர் பாயில். அவர் எழும்பிய நாளில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த நாளில் எங்கேயோ குண்டு வெடித்து, கடைகளெல்லாம் அடைப்பு. அந்தக் காலத்தில் இங்கே ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் நோய், மின்சாரம், யுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மனது வைக்க வேண்டும்.

என் கணவரும் அப்போது பாயில்தான். ஆண்களுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எட்டி எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பவுசர் லொறி எந்தெந்தத் தெருவுக்கு வரும், நுளம்புக்குப் புகை அடிப்பவர்கள் எப்போது வருவார்கள், கடைசியாக ஒரு கறுப்பு ஆடு காணாமல் போயிருக்கிறது, வலது காதில் வெட்டு இருக்கும், கண்டவர்கள் ஒப்படைக்கவும்.

"மனிசன் சாகக் கிடக்கான், இவங்க ஆடு தேடுறாங்க" என்று கணவர் முனகினார்.

எனக்குப் பொறி தட்டியது. குடையை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிவாசல் தலைவரின் வீட்டுக்குப் போனேன். அவர் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார். இரண்டு முழங்காலிலும் தைலம் பூசி, கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பள்ளிவாசல் மைக்கில் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கணக்குப் பாடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கூடத் தேவையில்லை, படுத்துக்கொண்டே கேட்கலாம்.

"டீச்சர், மைக் பாங்குக்கும் மார்க்க விசயத்துக்கும் உள்ளது" என்றார்.

"இப்ப ஆடு தேடினீங்களே ஹாஜியார். ஆட்டத் தேடலாமெண்டா எக்ஸத் தேடக் கூடாதா?"

எக்ஸ் யார் என்று அவருக்குப் புரிந்ததோ தெரியாது. உள்ளே இருந்து அவருடைய மனைவி சிரித்துவிட்டார். சிரிப்புக்குப் பிறகு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. நிர்வாகத்தோடு கதைத்துவிட்டுச் சொன்னார்: பெண் குரல் மைக்கில் வரக் கூடாது, நான் எழுதிக் கொடுப்பதை மோதினார் வாசிப்பார். தொழுகைக்கு அழைக்கப் பாங்கு சொல்பவரைத்தான் நாங்கள் மோதினார் என்போம். என் குரலை வருடக்கணக்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தார்கள், அதில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பின்னேரங்களில் அறிவித்தல்கள் அதிகம் என்பதால் பாடத்துக்குக் காலை நேரம் தந்தார்கள்.

ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஜும்ஆவில சனத்துக்கு முதல்லயே சொல்லிருங்க ஹாஜியார். திடீரெண்டு மைக் சத்தம் கேட்டா ஆக்கள் பயப்படுவாங்க."

"அது நம்மட பொறுப்பு டீச்சர்" என்றார்.

நம்மட பொறுப்பு என்று யார் சொன்னாலும் அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் ஓதுகிற மௌலவிக்குக் காய்ச்சல். பதிலுக்கு நின்றவருக்கு இடுப்பு வலி. சுருக்கமாக முடித்துவிட்டு இறங்கிவிட்டார். கணக்குப் பாடம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மோதினார் நல்ல மனிதர். என் வீட்டு வாசல் கடப்படியில் நின்று வாசித்துப் பழகினார். பல வருடமாக ஊரில் யாராவது இறந்தால் மவுத்து அறிவித்தல் சொல்லிச் சொல்லி, எந்த வசனத்தையும் இறுதியில் இழுத்து இறக்கித்தான் அவருக்கு முடிக்கத் தெரியும். 'இவ்வேலையை முடிக்க எடுக்கும் நாட்கள்' என்று அவர் வாசித்தால் இன்னாலில்லாஹி சொல்லத்தான் வாய் வரும்.

"கணக்க மவுத்து மாதிரி வாசிக்காதீங்க காக்கா" என்றேன். எங்கள் ஊரில் அண்ணன்தான் காக்கா.

"எனக்கு இந்த ராகம்தான் வரும் டீச்சர்" என்றார் பாவம்.

முதல் நாளுக்கு நான் எழுதிக் கொடுத்தது சின்னக் கணக்கு. பன்னிரண்டு பேர் ஒரு வயல் வேலையைப் பத்து நாளில் முடிப்பார்கள். நாலு நாள் வேலை செய்த பிறகு நாலு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மற்றவர்கள் மட்டும் வேலையைத் தொடர்ந்தால், தொடக்கத்திலிருந்து மொத்தம் எத்தனை நாளில் முடியும்? ஊர் நிலைமைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நானே யோசித்து எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திங்கட்கிழமை காலை. வாடைக்காற்றும் மழையும். அப்படியான நாட்களில் கடல் இரைகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். பாங்கு நேரமும் இல்லை, அறிவித்தல் நேரமும் இல்லை. திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. மோதினார் செருமினார். ஸலாம் சொன்னார். "முக்கியமான அறிவித்தல்" என்று தொடங்கினார். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அது அவருடைய பழக்கம். உடனே ஒரு காற்று அடித்தது, குரல் அறுந்து போனது. பிறகு கணக்கின் துண்டுகள் மழைக்குள் அங்குமிங்கும் கேட்டன. ஆனால் அதற்குள் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

என் வீட்டுக்கு முன்னால் தெருவில் ஒரு மனிதர் ஓடினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு தெருவே ஓடியது. ஒரு வாரமாகக் கிணற்றடிக்குப் போகக் கைத்தாங்கல் கேட்ட பக்கத்து வீட்டு ராத்தா, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக மெயின் ரோட்டை நோக்கிப் பறந்தார். "டீச்சர், கடல்" என்றார் போகிற போக்கில்.

நான் கடப்படியில் நின்று கத்தினேன். "கடல் இல்ல, கணக்கு. கணக்குப் பாடம்தான்."

யார் கேட்டார்கள்? பேய் பிடித்தவளைப் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டு ஓடினார்கள். உள்ளே திரும்பிப் பார்த்தால் பாய் காலி. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கையை நீட்ட ஏலாத மனிதர் பின்பக்க வேலியைத் தாண்டிப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவும் இல்லை. அதை நான் இன்றுவரை அவருக்கு நினைவுபடுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கணக்கை எழுதியது நான். அது கணக்கு என்று இந்த உலகத்தில் யாருக்காவது நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அது எனக்குத்தான். அப்படியிருந்தும், தெரு வெறிச்சோடிப் போனதும், நான் கிழக்குப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன். தென்னைகளுக்கு மேலால் தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குடையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போன வழியே போனேன். ஊர் முழுக்க மெயின் ரோட்டைத் தாண்டி, வயல் வட்டை தொடங்குகிற இடத்தில், வரம்புகளிலும் வாய்க்கால் மதகிலும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஓடும்போது யாருக்கும் நோகவில்லை. நின்ற பிறகு எல்லாருக்கும் எல்லா மூட்டும் நொந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், அழுகிறவர்கள், ஓதுகிறவர்கள். அதற்குள் மோதினார் சைக்கிளில் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டார். பயம் போனதும் ஊர் என்னைத்தான் தேடியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்ததும் ஆளாளுக்குத் தொடங்கினார்கள். படிப்பிக்கிற திமிர் என்றார் ஒருவர். சனத்தைக் கொல்லப் பார்த்தீர்களா என்றார் இன்னொருவர். ஜும்ஆவில் சொல்லாத நிர்வாகத்தை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நிர்வாகத்தில் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள், மிகவும் கவனமாக மழையைப் பார்த்துக்கொண்டு.

மதகில் அந்த மீன் வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவருடைய காலும் வீங்கித்தான் இருந்தது. மகளை முதுகில் சுமந்துகொண்டு கல்வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் ஓடி வந்திருக்கிறார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவள் பக்கத்தில் சாய்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பிஞ்சு வாழைக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

"ஒரு தடவ அவட தாயத் தூக்க எனக்கு ஏலாமப் போயிட்டு" என்றார் அவர் என்னைப் பார்த்து. "இப்ப உங்கட கணக்குக்கு இவளத் தூக்கிட்டு ஓடினன் டீச்சர். உங்களுக்கு இது விளையாட்டா?"

நான் அவ்வளவு நேரமும் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அவர் கேட்டதும் என் குடையை அவருடைய மகளின் தலைக்கு மேல் பிடித்தேன்.

அப்போது அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், ஒன்பது நாளா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில்தான் அந்தக் கல்வீடு. ஊரில் வேறு யாருக்கும் கேட்காத கணக்கு அவளுக்கு மட்டும் முழுதாகக் கேட்டிருக்கிறது. வாப்பாவின் முதுகில் கிடந்து குலுங்கிக்கொண்டு வரும் வழியிலேயே, பேனையும் இல்லாமல் கடதாசியும் இல்லாமல், அதைச் செய்து பார்த்திருக்கிறாள்.

விடை பிழை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்திலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. போன முறையும் இவளைக் கெடுத்தது இந்தப் புத்திதான். வழியெல்லாம் சரியாக வருவாள், கேள்வியின் கடைசி வரியை விட்டுவிடுவாள். "மிச்ச நாளா கேட்டது? தொடக்கத்திலயிருந்து மொத்தம் எத்தின நாளெண்டு கேட்டிருக்கு" என்றேன், வகுப்பில் நிற்பதைப் போல.

அவள் கண்ணை மூடினாள். "பதின்மூணு."

"ஓம். பதின்மூணு."

தகப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பிடிப் பதின்மூணு?" என்றார். அவள் சொன்னாள். பன்னிரண்டு பேருக்கு இன்னும் ஆறு நாள் வேலை மிச்சம் இருக்கிறது, அதை எட்டுப் பேர் செய்தால் ஒன்பது நாள், முதலில் போன நாலையும் சேர்க்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஒரு வயற்காரர் குறுக்கே வந்தார். எட்டுப் பேரில் இன்னும் ரெண்டு பேர் விழமாட்டார்களா, இந்தக் காய்ச்சல் நாலு பேரோடு நிற்குமா என்று கேட்டார். அப்படி விழுந்தால் எத்தனை நாள் என்று இன்னொருவர் கேட்டார். சண்டைக்கு வந்த சனம் கணக்கில் சண்டை பிடிக்கத் தொடங்கியது. தகப்பன் மட்டும் அதில் சேரவில்லை. தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியைப் பிழிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே பள்ளிவாசலில் கூட்டம். திரைக்குப் பின்னால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். மைக் இனிப் பாங்குக்கு மட்டும் என்று தலைவர் தொடங்கினார். அப்படியென்றால் ஆடு தேடுவதும் நிற்க வேண்டும் என்று நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். எப்படி முறைத்தார்கள் என்பது திரைக்கு இந்தப் பக்கம் தெரியாது, ஆனாலும் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் மீன் வியாபாரி எழுந்து நின்றார். இவர் ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"பாடம் நடக்கட்டும்" என்றார். "ஆனா தொடங்க முன்ன கடல் நல்லாரிக்கு எண்டு சொல்லணும். ஒவ்வொரு நாளும் சொல்லணும். சொல்லாட்டி நான் ஓடத்தான் செய்வன்."

அதுதான் முடிவானது. மறுநாள் காலையிலிருந்து மோதினார் ஸலாம் சொல்லிவிட்டு, அந்த ராகத்திலேயே வாசித்தார்: "கடல் அமைதியாக இருக்கிறது. யாரும் ஓட வேண்டாம். இது கணக்குப் பாடம்." தலைவர் சும்மா விடவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மோதினாரை ஒவ்வொரு நாளும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவர் கடலைப் பார்க்கப் போய், அங்கே யாரோடும் கதைத்து நின்று, பாடம் சுணங்கிப் போகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பரீட்சைக்கு இருப்பதே கொஞ்ச நாள், அதில் கடலுக்கு வேறு நலம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டுமா? முக்கோணத்தை ஒலிபெருக்கியில் வரையவும் முடியாது. கேத்திரகணிதத்தை அப்படியே கைவிட்டு விகிதம், வட்டி, சமன்பாடு என்று காதால் கேட்கக் கூடியதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மோதினார் சில நாட்களில் ஒரு வரியையே விழுங்கிவிடுவார். நான் வீட்டிலிருந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் ஊர் கேட்டது. கடைத்தெருவில் என்னை நிறுத்தி விடை கேட்டார்கள். அதைவிட, மோதினார் சுணங்கிய நாட்களில் பெண்கள் வேலியடியில் வந்து நிற்பதைக் கண்டேன். கணக்கைக் கேட்க இல்லை. முதல் வரியைக் கேட்கத்தான். பக்கத்து வீட்டு ராத்தாவுக்குக் கூட்டவே தெரியாது. "அந்த மனிசன் கடலப் பத்திச் சொன்னாத்தான் டீச்சர் எனக்கு அடுப்பு மூட்ட மனசு வருது" என்றார்.

நான் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அடிக்கடி போனேன். எழுத ஏலாது என்பதால் எல்லாவற்றையும் மனதில் செய்தாள். மனதில் செய்கிறவளால் கடைசி வரியை விட முடியாது. கேள்வி முழுவதையும் தலைக்குள் வைத்துக்கொண்டுதானே தொடங்க வேண்டும். இரண்டு வருடம் நான் தொண்டை கிழியச் சொல்லியும் வராத பழக்கம், வீங்கிய விரல்களால் வந்துவிட்டது. இதை எந்தப் பாடநூலில் எழுதுவது?

பரீட்சைக்கு வீக்கம் வற்றிவிடும் என்று நினைத்தோம். வற்றவில்லை. மேலதிக நேரம் தரும்படி கேட்டேன். வைத்திய அதிகாரியின் சான்று வேண்டும் என்றார்கள். வைத்திய அதிகாரிக்கே காய்ச்சல். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனபோது, தகப்பன் வாசலில் குந்தியிருந்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அவளுடைய பேனையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி, பேனை பெருவிரல் மொத்தத்துக்கு வந்துவிட்டது. அதை மகளின் கையில் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னார். அவள் தன் பெயரை எழுதினாள். போதாது, இன்னும் ஒரு சுற்று என்றாள்.

மறுநாள் காலையில் மீன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிப் பேனையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் உருளை என்னவென்று சிப்பாய்க்கு விளக்கப் பட்ட பாட்டைப் பிறகு சொன்னார். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மதிலோரம் முடியும் வரைக்கும் நின்றார். அன்று அவருக்கு வியாபாரம் இல்லை.

பெறுபேறு வந்தபோது கணக்குக்கு எஸ். சாதாரண சித்தி. ஏ இல்லை, பி இல்லை, வெறும் எஸ். தகப்பன் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கடப்படியிலேயே நின்றார்.

"எஸ் எண்டா பாஸ்தானே டீச்சர்?"

"ஓம், பாஸ்தான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

இவர் பாஸ் என்று கேட்க ஆசைப்படுகிறாரா, இல்லை என்று கேட்க ஆசைப்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு பதில் சொல்ல வேண்டுமே. "நல்லாப் பாத்தன்" என்றேன். அவர் சைக்கிளைத் தெருப் பக்கம் திருப்பினார். பிறகு, "அப்ப உயர்தரத்துக்குப் பதிஞ்சி விடுங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அவள் உயர்தரம் படித்தாள். இடையில் நிக்காஹும் நடந்தது, படிப்பும் நடந்தது. இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். கொரோனா வந்து பாடசாலைகளைப் பூட்டியபோது, தன் பிள்ளைகளை எப்படிப் படிக்க உட்கார வைப்பது என்று என்னிடம் தொலைபேசியில் சண்டைக்கு வந்தாள். போனில் பாடம் வருகிறது, ஆனால் பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள், எதுவும் ஏறவில்லை என்றாள்.

நான் எத்தனையோ பேரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தை, நிர்வாகத்தை, கரண்டை, காய்ச்சலை, கணக்கைக் கேட்டு ஓடிய எங்கள் ஊர்ச் சனத்தை. அதில் பலதை இன்றும் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை ஒரு மீன் வியாபாரி பள்ளிவாசலில் எழுந்து நின்று கேட்டார்: பயந்திருக்கும் பிள்ளையிடம் படி என்று சொல்வதற்கு முன், இன்றைக்கு நீ ஓட வேண்டியதில்லை என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உண்மையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.